முகம் வேண்டாம் என்று சொன்ன வாத்தியார்

1

வாசிகசாலைத் தம்பிமாருக்கு எழுதிக்கொள்வது. என் கடிதம் வந்தால் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பதாகச் சென்ற கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அது தெரிந்த நாள் முதல் பேனையை எடுக்கவே கூச்சமாயிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் நான் நாலு பேர் முன்னால் வாய் திறந்தவனல்ல என்பது உங்களுக்கே தெரியும்.

இந்தக் கார்த்திகையோடு நான் போடிநாயக்கனூருக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. "எப்போது திரும்பி வருகிறாய்?" என்று நீங்களும் வருஷம் தவறாமல் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இந்த முறை வருவதென்று முடிவே செய்துவிட்டேன். அந்த முடிவு எப்படி வந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளும். வாசிக்கிறவர் இடையில் தண்ணீர் குடித்துக்கொள்ளட்டும்.

இங்கே ஹைஸ்கூலில் நான் சித்திர வாத்தியார். தற்காலிக சித்திர வாத்தியார் என்று சொல்வதே சரி. இலங்கைச் சான்றிதழ் இந்த மாகாணத்துப் பட்டியலில் இல்லை. ஆகவே ஒவ்வோர் ஆனி மாதமும், நான் படித்தவன்தான் என்று மூன்று பிரதிகளில் விண்ணப்பம் எழுதி, தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கி மேலிடத்துக்கு அனுப்புவேன். மாசியில் பதில் வரும்: இந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் அனுமதி. பதில் கையில் கிடைக்கும்போது வருஷம் முடிய இரண்டு மாதம் இருக்கும். பன்னிரண்டு வருஷமாகத் தற்காலிகமாகவே இருக்கிற மனிதனை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். அலுத்துவிட்டது, தம்பிமாரே. கோபப்படக்கூட இப்போது தெம்பில்லை.

பாஷை வேறு. ஒரே தமிழ்தானே என்று கப்பலேறினேன். வந்த புதிதில் வகுப்பில் "கதைக்காதேங்கோ" என்று அதட்டினால், எங்களில் யார் கதை சொன்னது என்று பிள்ளைகள் முழிப்பார்கள். நான் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டேன். என் மகள் பாக்கியம் பழகவில்லை, முழுதாக மாறிவிட்டாள். கைக்குழந்தையாக வந்தவளுக்கு இப்போது வயது பதின்மூன்று. "வெரசா வாங்கப்பா, சோறு ஆறுது" என்று கூப்பிடுகிறாள். "கெதியா வாங்கோ எண்டு சொல்லு பிள்ளை" என்று தாய் திருத்தினால், அப்படிப் பேசினால் தெருவில் சிரிக்கிறார்கள் என்கிறாள். எங்களைப் பார்த்து இந்தத் தெரு பன்னிரண்டு வருஷமாகச் சிரிக்கிறது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

2

படம் பிடிக்கும் வித்தையை நான் நம்மூர் ஸ்டூடியோவில் கண்ணாடித் தட்டுக் கழுவிக் கற்றுக்கொண்டது உங்களுக்குத் தெரிந்ததுதான். அங்கே யார் வருவார்கள்? கலியாணமான புதுச்சோடி வரும். மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போகிறவன், கோட்டை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு வந்து கதிரையில் இருப்பான். அவன் கப்பலேறிய பிறகு அந்தப் படம் வீட்டுச் சுவரில் தொங்கும். தாய்மார் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். ஆனாலும் படத்திலிருப்பவன் எங்கோ ஓரிடத்தில் சோறு தின்றுகொண்டிருக்கிறான் என்று அவர்களுக்குத் தெரியும்.

இந்த ஊரில் வேறு வழக்கம். இங்கே படப்பெட்டி தெருவுக்குள் வருகிறதென்றால் அந்தத் தெருவில் சாவு என்று அர்த்தம். வசதியுள்ள வீட்டில் ஒருவர் கண்ணை மூடினால், குளிப்பாட்டி மாலை போட்டு, தாடையைத் துணியால் கட்டி, நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்துப் பெட்டிக்காரனுக்கு ஆள் அனுப்புவார்கள். அந்தப் பெட்டிக்காரன் நான்தான். ஊரில் வேறு பெட்டி கிடையாது. உயிரோடு இருக்கிறவரைப் படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. கூப்பிட்டால் மறுக்க முடியாது, போகாமலும் இருக்க முடியாது. இப்படி எத்தனையோ பெரியவர்களை எடுத்துவிட்டேன். அசையாமல் இருப்பதில் அவர்களைப்போல் நல்ல ஆட்கள் இல்லை என்று வீட்டில் கசப்பாகச் சிரித்துக்கொள்வேன். என் மனைவிக்கு அந்தப் பகிடி பிடிக்காது.

3

இந்த வருஷ ஆனியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை வராமலிருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். பெரிய வகுப்புப் பிள்ளைகளில் பன்னிரண்டு பேரைச் சேர்த்துச் சனிக்கிழமைகளில் படம் பிடிக்கக் கற்றுக்கொடுக்கலாம் என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். பெட்டி என் சொந்தம். தட்டுகளுக்கும் மருந்துகளுக்கும் விண்ணப்பம் போட்டதில், மருந்து நஞ்சு வகையா, சித்திரம் வகையா என்று கேட்டு மூன்று கடிதம் வந்தது. கடைசியில் சித்திரம் என்று முடிவாயிற்று.

ஆளுக்கு ஒரு பயிற்சிக்கு ஒரே தட்டு. வீணாக்கினால் மறு தட்டு இல்லை. ஆகவே முதலில் ஒரு தபால் கார்டின் நடுவில் சதுரமாக ஓட்டை வெட்டிக் கொடுத்து, அதன் வழியாக ஒரு வாரம் ஊரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு திரிந்ததில் ஒருவன் வாய்க்காலில் விழுந்தான். அப்புறம் பயிற்சிகள். முதலாவது, பொருள் வேண்டாம், அதன் நிழல் மட்டும் வேண்டும். இரண்டாவது, போனவர் விட்டுப் போனது. இதற்குத் தேவாரம் என்ற ஊர்ப் பையன் ஒருவன் கொண்டு வந்ததைப் பார்த்து அசந்துவிட்டேன். முந்தின நாள் யானை புகுந்த சோளக்காட்டில், ஈரத்தில் பதிந்த ஒற்றைக் காலடி. அதில் மழைத் தண்ணீர் நின்று, தண்ணீரில் ஒரு மேகமும் விழுந்திருந்தது. அன்று எனக்கு வயதில் பாதி குறைந்தது.

மூன்றாவது பயிற்சிதான் வினை. வீட்டிலிருக்கிற ஒருவரைப் படம் பிடித்து வா, ஆனால் முகம் வேண்டாம். ஏன் அப்படி என்று பிள்ளைகள் கேட்டார்கள். "முகம் பொய் சொல்லும், கை சொல்லாது" என்று பெரிய ஞானி மாதிரிச் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. பிள்ளைகள் வீட்டு மனிதரைப் படம் பிடிக்கப் போவது தெரிந்து இரண்டு தகப்பன்மார் ஆயுசுக் கதையைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியரிடம் வந்துவிட்டார்கள். முகத்தை எடுத்தால்தானே ஆயுசு போகும், கையையும் காலையும் எடுத்தால் என்ன போகும் என்று நான் சமாதானம் சொன்னேன். அவர்களும் அரை மனதாய்ச் சரி என்று போனார்கள். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

4

பொன்னையா என்று ஒரு மாணவன். நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுவான். அவன் தகப்பன் சுருளியப்பன் ஏலமலையில் கங்காணி. பறிப்புக்கு ஆள் கூட்டிக்கொண்டு மெட்டுப் பாதையேறிப் போனால், காலில் அட்டைக்கடித் தழும்போடு மாதக்கணக்கில் கழித்து இறங்குகிறவர். இந்தப் புரட்டாசியில் மலைக்காய்ச்சலோடு இறங்கினார். ஒன்பது நாளாகப் படுக்கை. அது தெருவுக்கெல்லாம் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. பொன்னையா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை அவனுடைய முறை. கறுப்புத் துணி போர்த்திய பெட்டியை இடுப்பிலும், முக்காலியைத் தோளிலும் வைத்துக்கொண்டு கடைவீதி வழியே வீட்டுக்குப் போயிருக்கிறான். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. சுருளியப்பன் வீட்டுக்குப் பெட்டி போகிறது என்றால் சுருளியப்பன் போய்விட்டார் என்றுதானே கணக்கு? அவன் முக்காலியை விரித்து நிறுத்துவதற்குள், ராசிங்காபுரம் போகும் வண்டியில் சேதி ஏறிவிட்டது. அது அவன் தாய் வீராயி பிறந்த ஊர்.

மத்தியானம் பெட்டியைத் திரும்பக் கொண்டுவரலாமென்று நான் அங்கே போனேன். தெருமுனையில் வீராயியின் அண்ணன் நின்றார். தலையில் ஒரு தாம்பாளம், அதில் கோடிச்சேலை. புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவரும் புதுச்சேலை அது. பின்னால் ஏழெட்டுப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். சத்தம் கேட்டு வீராயி வாசலுக்கு வந்தாள். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி, கையில் கஞ்சிக் கிண்ணம். பெண்களின் அழுகை அப்படியே நின்றது.

"எதுக்குண்ணே இதைக் கொண்டாந்தே?" என்று கேட்டாள். குரல் உயரவில்லை. "அவுக கஞ்சி குடிச்சுக்கிட்டு இருக்காக."

உள்ளேயிருந்து இருமல் கேட்டது. பிறகு சுருளியப்பனின் குரல், "யாரு வீராயி, மச்சானா? உள்ள வரச் சொல்லு."

அந்த மனிதர் தாம்பாளத்தை இறக்கவும் முடியாமல், சுமந்துகொண்டு உள்ளே போகவும் முடியாமல் நின்ற நிலையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கொண்டுவந்த கோடியைத் திருப்பி எடுத்துப் போகலாமா, கூடாதா என்று பெரியவர்கள் அரை மணி நேரம் வழக்காடினார்கள். வீட்டுக்குள் வராத கோடி வெளியோடு போகட்டும் என்று சலவைத் தொழிலாளியிடம் கொடுத்தனுப்பினார்கள். அதன் பிறகு எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

5

திங்களன்று தட்டைக் கழுவினேன். கயிற்றுக் கட்டிலின் சட்டம், அதன்மேல் இரண்டு கைகள். இடது கை சட்டத்தைப் பிடித்திருக்கிறது. நகத்தடியில் ஏலச்சாற்றின் கறுப்புக்கூடத் தெரிகிறது. வலது கை குளிர்க்காய்ச்சல் நடுக்கத்தில் புகைபோல் கலைந்திருக்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வகுப்பில் அதை உயர்த்திக் காட்டி, ஆட்டத்தைக்கூடப் படமாக்கலாம் பாருங்கள் என்று பாராட்டினேன். பொன்னையா தலையைக் குனிந்துகொண்டான். வெட்கம் என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து ஊர் முழுக்க ஒரே பேச்சு. சுருளியப்பன் பிழைத்தால் பெட்டி பிழைக்கும், போனால் பெட்டிதான் கொண்டுபோயிற்று. தலைமையாசிரியர் நல்லவர். வகுப்பைக் கொஞ்ச நாள் நிறுத்திவைப்போம் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். நான் தினமும் காலையில் தபாலாபீசுப் பக்கம் போய், அங்கே காய்ச்சலுக்குக் கொய்னாப் பொட்டலம் வாங்க வரும் பொன்னையாவிடம் அப்பாவுக்கு எப்படி என்று கேட்பேன். வீட்டுக்கு வந்து சாமி படத்தின் முன் நிற்பேன். ஒன்று சொல்ல வெட்கமாயிருக்கிறது. அவர் பிழைக்க வேண்டுமென்று நான் வேண்டியதில் பாதி அவருக்காக, பாதி எனக்காக.

தேறினார். சோறு கேட்டுச் சாப்பிட்டார். ஒரு நாள் கம்பு ஊன்றிக் கண்மாய்க் கரை வரை நடந்து வந்தார். என்னைக் கண்டதும் நின்று, பையன் படிப்பு எப்படி என்று விசாரித்தார். பையன் வீட்டில் வாய் திறப்பதில்லை, பள்ளிக்கூடத்திலாவது பேசுகிறானா என்று கேட்டார். அவன் கண் நன்றாகப் பேசும் என்றேன். சிரித்தார். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. அன்றிரவு பல நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

பத்தாம் நாள் காய்ச்சல் திரும்பியது. இந்த முறை இரண்டே நாள்தான்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நம்மூரில் சொல்லிச் சிரிப்போம். அந்தக் காக்கையின் கதியை யாரும் யோசித்ததில்லை. நான் வெறுங்கையோடுதான் துக்கம் கேட்கப் போனேன். தெருமுனையில் அந்த ராசிங்காபுரத்து அண்ணன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பா நெனைக்காதீக அய்யா. நீங்க வரலாம். அந்தப் பொட்டி மட்டும் இனிமே இந்தத் தெருவுக்குள்ள வர வேணாம்" என்றார்.

அவர் கண் சிவந்திருந்தது. என்மேல் கோபமில்லை, பயம்தான். சுருளியப்பனை நாற்காலியில் உட்காரவைக்கவில்லை. படம் எடுக்காமலே தூக்கிக்கொண்டு போனார்கள். மொட்டைத் தலையோடு முன்னால் கொள்ளிச்சட்டி பிடித்துப் போன பொன்னையா ஒரு முறை திரும்பி என்னைப் பார்த்தான்.

அன்று மாலை மனைவியிடம், போதும், ஊருக்குப் போவோம் என்று சொன்னேன். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று தெரியும். அங்கே வந்தாலும் வெயிலைத் திட்டுவேன், தண்ணீரைத் திட்டுவேன். ஆனாலும் அங்கே என்னைக் கண்டு தெரு ஒதுங்காது. அவள் அன்றே சாமான்களைக் கட்டத் தொடங்கினாள். பெட்டியை வைக்கோல் சுற்றி டிரங்கின் அடியில் வைத்தோம். பாக்கியம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் போங்கப்பா. நான் இங்கனயே இருந்துக்கிறேன்" என்றாள். சண்டைக்குச் சொல்லவில்லை. கடைக்குப் போய் வருகிறேன் என்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள்.

6

போன ஞாயிறு காலை. எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் வாய்க்கால் பாதையை ஒட்டியது. கதவைத் தட்டிய சத்தம் கேட்டுப் பாக்கியம் திறந்தாள். "வாங்க அத்தே" என்று அவள் சொன்னதைக் கேட்டு எட்டிப் பார்த்தேன். வீராயி. வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. கருமாதி முடிந்து மாதம் ஒன்றுகூட ஆகவில்லை. புருஷனை இழந்தவள் இந்த ஊரில் வருஷம் திரும்பும்வரை வாசல் தாண்ட மாட்டாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஆளில்லாத பாதையாகப் பார்த்து வந்திருக்கிறாள்.

மடியிலிருந்து ஒரு படத்தை எடுத்தாள். நான் பொன்னையாவிடம் கொடுத்த அச்சு. கட்டில் சட்டமும் இரண்டு கைகளும். அதை என் முன்னால் வைத்தாள்.

"இதுல அவுக கை இருக்கு அய்யா" என்றாள். "மூஞ்சிய ஏன் வேணாம்னீக?"

சண்டைக்கு வந்தவள் கேட்கிற மாதிரிக் கேட்கவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்டாள். முகம் பொய் சொல்லும் என்று அவளிடம் சொல்ல முடியுமா? இரண்டு தகப்பன்மார் வாயை அடைக்க நான் செய்த தந்திரம் என்று சொல்ல முடியுமா? அந்த உடைந்த பல்லும் சிரிப்பும் என் நினைவில் இருந்தன. நினைவைத் தட்டில் கழுவ ஒரு மருந்தும் இல்லை. "பிழை விட்டிட்டன் அம்மா" என்று மட்டும் சொன்னேன். பாக்கியம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

வீராயி அழவில்லை. படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள், "நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னாலும் அந்தப் பொட்டியத் தெருவுக்குள்ள விட மாட்டாக. என் புள்ளைக்கு ரெண்டு பேருல ஒரு மூஞ்சியாச்சும் இருக்கட்டும். என்னைய எடுங்க அய்யா."

ஆயுசு குறையும் என்று ஊர் சொல்கிறதே என்றேன். குறைந்தால் குறையட்டும் என்று கையை அசைத்தாள்.

கட்டிய டிரங்கை அவிழ்த்தோம். என் மனைவி முணுமுணுக்காமல் வைக்கோலைப் பிரித்துக் கொடுத்தாள். பாக்கியம் நாற்காலியைக் கொண்டு போய்க் கொல்லைச் சுவரோரம், வெயில் நேரே படாத இடத்தில் போட்டாள். வீராயி முக்காட்டை எடுத்துவிட்டு உட்கார்ந்தாள். எப்படி உட்கார வேண்டுமென்று நான் சொல்லவில்லை. முதுகை நாற்காலியோடு ஒட்டி, இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, தாடையை நிமிர்த்தி, கண்ணை அகல விழித்துக்கொண்டாள். இந்த ஊரில் அவள் பார்த்த படங்களிலெல்லாம் மனிதர்கள் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் இரண்டு எண்ணும்வரை அசையக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். கண்ணாடியில் அவள் முகம் தலைகீழாக விழுந்தது. மார்பு ஏறவில்லை, இறங்கவில்லை. கண் இமைக்கவில்லை. நான் இதுவரை எடுத்த எல்லாரையும்போல் இருந்தாள். வில்லையை மூடித் தட்டைச் செருகினேன். என் கை மூடியின்மேல் போய் நின்றுவிட்டது.

அப்போது உதடு அசையாமல், பல்லிடுக்கால் கேட்டாள், "மூச்சு விடலாமா அய்யா?"

பன்னிரண்டு வருஷத்தில் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தவர்களில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

"விடுங்கோ அம்மா, விடுங்கோ" என்றேன். அவள் மூச்சு விட்ட பிறகுதான் மூடியைத் திறந்தேன்.